குடைத்துணிப் பை

கார்த்திகை 4, 1969. இரவு.

நாளை விடிந்ததும் தீபத்துக்குத் திருவண்ணாமலைக்கு நடக்கிறோம். மூன்று நாளும் தோளில் கனக்கக் கூடாதென்று அப்பாவின் குடைத்துணியைப் பிரித்துப் பை தைத்தேன். கம்பிகளைக் கட்டிப் பழையபடி மூலையில் சாத்தினேன். இன்று மழை. நெய்த பட்டுச்சேலையோடு புறப்பட்ட அப்பா, தெருவில் குடையை விரித்தார். எட்டு விலா எலும்புகள்தான் விரிந்தன.

“துணி எங்கடா?”

“பையாயிடுச்சுப்பா. எடையே இல்ல.”

“எடுத்துக்கினு வா.”

சேலையை அதற்குள் வைத்தார். “ஒரு சொட்டு உள்ள எறங்கட்டும், உன் நடை வாசலோட நின்னுடும்.”

சேலைக்கு மட்டும் குடை. அவர் நனைந்துகொண்டே போனார்.

சேலையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பையைத் தறிக்காலில் மாட்டினார். சாப்பிட்டுப் படுத்துவிட்டார். இப்போதுதான் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே ஈரமில்லை. தீபத்துக்கு ஒரு கற்பூரப் பொட்டலம் இருந்தது.