அணைக்கும் மதகு உண்டு

மாட்டுப்பட்டி,
10-2-1957

மதிப்புக்குரிய நர்ஸம்மா செபமாலையம்மாள் அவர்களுக்கு,

தேயிலைக் காட்டில் மழைத் தண்ணீர் இறங்கக் கான் வெட்டும் பொன்ராஜ் வணக்கத்துடன் எழுதுவது. நானும் சாந்தம்மாளும் நலம். எஸ்டேட் வேலையை விட்டுச் சொந்த ஊர் வடகரப்பதிக்குப் போன நீங்களும் தம்பி வீட்டாரும் நலமா?

இந்த வருஷம் இங்கே பனி கடுமை. கீழ்க்காட்டுத் தேயிலை கருகிவிட்டது. பக்கத்து வீட்டு மூக்கம்மாள் இன்னும் சண்டைக்காரிதான். இப்போதெல்லாம் "நர்ஸம்மாவுக்கு எழுதிப் போடவா?" என்றுதான் எங்களை மிரட்டுகிறாள்.

நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். ஒன்றரை வருஷமாகச் சொல்லாமல் இருந்துவிட்டேன். அந்த ஆடி மழையில் மண் சரிந்து, டாக்டர் வர வழியில்லாமல், எங்கள் பிள்ளை மூச்சு விடாமலே பிறந்தான். லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் எல்லாரும் பார்க்க, நீதான் கொன்றாய் என்று உங்களைப் பார்த்துக் கத்தினேன். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்று சாந்தம்மாளின் உயிரைக் காத்தவர் நீங்கள். அது அப்போது என் கண்ணில் படவில்லை.

அப்புறமும் தினம் வந்தீர்கள். நான் வேலைக்குப் போகாமல், பெண்டாட்டியிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். "ஏனுங்க பொன்ராஜ், கோவத்த நம்ம மாட்டுப்பட்டி அணையாட்ட அடக்கி வெச்சுக்கோணுமுங்க" என்றீர்கள். மழையையே காணாத ஊர்க்காரருக்குத் தண்ணீரை அடைத்து வைக்கத்தான் தோன்றும்! துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாச் சொன்னிய! அணைக்கும் மதகு இருக்குல்லா? தெறக்காட்டி ஒடைஞ்சுரும்" என்றேன்.

அப்படியானால் தேயிலைச் சரிவில் தண்ணீரை நாங்கள் என்ன செய்வோம் என்று கேட்டீர்கள். மறித்தால் மழைத் தண்ணீர் மண்ணையும் வாரிக்கொண்டு போகும். அதனால் குறுக்கே சாய்வாகக் கான் வெட்டி, நடுநடுவே குழி போட்டு, மெதுவாக இறக்கிவிடுவோம். குழியில் தங்கும் சேற்றை அள்ளிச் செடிக்கே போடுவோம். இதையெல்லாம் வாத்தியார் மாதிரி விளக்கினேன். "அப்ப உங்களுக்குன்னு எங்கீங்க வெட்டியிருக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்.

அன்று சாயங்காலம், பிள்ளைக்கு நான் நினைத்து வைத்திருந்த பெயரைச் சாந்தம்மாளிடம் சொன்னேன். சங்கையா, என் அப்பா பெயர். அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைப் பற்றிப் பேசுவோம். கோபம் வராமல் இல்லை. வந்தால் மண்வெட்டியோடு காட்டுக்குப் போய்விடுவேன். கங்காணி என்னைப் பெரிய உழைப்பாளி என்று நம்புகிறார்.

இங்கிருந்து உங்கள் பக்கத்து வேலந்தாவளம் சந்தைக்கு மாடு வாங்க வந்த ஜப்பார் ராவுத்தர் உங்களைப் பார்த்தாராம். கை நடுங்குகிறது, இனிப் பிரசவம் பார்ப்பதில்லை என்றீர்களாம். அம்மா, நான் கத்தியதுதான் உங்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. உங்கள் கையில் குற்றமில்லை, என் வாயில்தான். மன்னியுங்கள். அழுதோ, என்னைத் திட்டியோ அதை இறக்கிவிடுங்கள். திட்டி எழுதினால் லயத்தில் எல்லார் முன்னாலும் நானே படிக்கிறேன்.

சாந்தம்மாளுக்கு இது ஏழாம் மாதம். வேறு கை வேண்டாம் என்கிறாள். எனக்கும் அதே எண்ணம்தான். சித்திரையில் பாதை திறந்திருக்கும். பஸ் நிற்கும் இடத்தில் நானே வந்து காத்திருப்பேன்.

உங்கள் மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். கை நடுங்கினாலும் பரவாயில்லை, வாருங்கள் அம்மா.

என்றும் நன்றி மறவாத,
பொன்ராஜ்