உன் அறைக் கணினி கேட்ட கேள்வி

இன்று காலை உன் கணினியின் உறையைக் கழற்றியதும் கற்பூர வாசனை வந்தது. பூச்சி வராதென்று நீ உள்ளே போட்டு வைத்தது. கட்டி கரைந்து வாசனை மட்டும் மிஞ்சியிருக்கிறது. நம் ஆட்டோக்காரர் முருகனின் மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். கணினியை அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன். எடுத்துப்போக வந்த முருகன்தான் தயங்கினார்.

"ஒருதபா போட்டுப் பாத்துருங்கம்மா. சின்னம்மாது எதுனா உள்ள கீதோ இன்னாவோ."

போட்டேன். மாதக்கணக்கில் தூங்கிய இயந்திரம் விழித்ததும் ஒரு கேள்வி கேட்டது. உன் கணினியின் நாள்காட்டியும் என் கணினியின் நாள்காட்டியும் ஒத்துப்போகவில்லை. இதில் இருப்பதை வைத்துக்கொள்ளவா, அதில் இருப்பதையா, இரண்டையுமா?

உன் அண்ணன் போன பிறகு நீ இந்த அபிராமபுரம் வீட்டுக்கு வந்தபோது, அண்ணியும் நாத்தனாரும் எத்தனை நாள் தாங்குவார்கள் என்று உறவில் பேசிக்கொண்டார்கள். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கணினி என்று பிரித்துக்கொண்டோம். அவர் விட்டுப்போன மின்னஞ்சல் முகவரி மட்டும் பொது. நீ ஓர் அஞ்சலைத் திறந்தால் என் திரையிலும் அது படித்ததாகிவிடும். நான் பார்க்கும் முன்பே சுவருக்கு அப்பாலிருந்து சேதி வரும்.

"அண்ணி, உங்க பையனுக்கு ஜலதோஷமாம்."

"எனக்கு வந்ததை எனக்கு முன்னால படிக்காதேன்னு சொல்லியிருக்கேன்."

"எனக்கும் சேர்த்துத்தான் இருமியிருக்கான்."

நாள்காட்டியை இணைத்தது முருகனுக்காக. ஒரே நேரத்தில் நீ தி. நகருக்கும் நான் அடையாறுக்கும் அவரை அழைத்தோம். "ரெண்டா பொளந்துக்கினு போவட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டார். இணைத்ததும் நீ செய்த முதல் காரியம், வாரத்தின் ஏழு நாளுக்கும் ராகு காலத்தை அதில் அடைத்தது. என் கண் மருத்துவரோ மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்குத்தான் பார்ப்பார். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை நீ அடைத்த கட்டத்தை நான் அழித்தேன். உன் திரையிலும் அழிந்தது.

"அண்ணி, என் ராகு காலத்தை யாரு எடுத்தது?"

"நான்தான். டாக்டர் மேல உட்கார்ந்திருந்தது."

"கான்வென்ட்ல படிச்சவங்களுக்கு ராகு தனியா வர்றாரோ?"

நீ மறுபடி போட, நான் மறுபடி எடுக்க, ஒரு மழைக்காலமே போயிற்று.

பிறகு தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் இணையக் கம்பியை அறுத்துப் போட்டார்கள். அதைச் சரிசெய்ய ஆள் வருமுன் நீ மருத்துவமனைக்குப் போனாய், திரும்பவில்லை. இணையம் இல்லாத அந்த நாட்களில் நீ பதிந்தவை உன் கணினியோடு நின்றுவிட்டன. நீ இல்லாமல் நான் ஓட்டிய மாதங்கள் என்னுடையதில் இருந்தன. ஒன்றை வைத்தால் மற்றது போய்விடும்.

இரட்டைப் பதிவு எனக்கு ஆகாதென்று உனக்குத் தெரியும். ஒரு வேலை இரண்டு இடத்தில் எழுதியிருந்தால் உன்னைச் சும்மா விட்டதில்லை. இன்று, இரண்டையும் என்பதை அழுத்தினேன்.

இனி என் திரையில் எல்லாம் இரண்டிரண்டாக வரும். வரும் வெள்ளிக்கிழமையில் என்னுடையது: கண் மருத்துவர், பதினொன்று. அதற்கு மேலே, மாதந்தோறும் வரும்படி நீ போட்டது: 'அண்ணிக்குக் கண். பத்தேகாலுக்குள் படி இறங்கிடணும். அங்கே போய் உட்கார்ந்துக்கலாம்.' பத்தரைக்கு முன் வாசலைத் தாண்டினால் போதுமென்று, எனக்காக நீ ராகுவிடம் பேசி முடித்திருக்கிறாய்.

கணினியைத் தூக்கிக்கொண்டு இறங்கிய முருகனிடம், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னேன்.

"டாக்டரு பதினொன்னுக்குதானம்மா? பத்து நிமிசத்துல போயிருவோம். அங்க குந்திக்கினு இன்னா பண்ணுவீங்க?"

"சும்மா உட்கார்ந்திருப்பேன்," என்றேன்.