ஆறிய கழுத்து

அடி அண்ணாமலை,
8.12.1998

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை இனியா எழுதுவது. நலம் என்று தொடங்க மனம் வரவில்லை. அங்கே எல்லையில் குளிர் ஜாஸ்தியாமே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

'பாஞ்சாலைக்குத் தீப்புண் ஆறியதும் கீழ்பென்னாத்தூரில் அவள் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். அக்காவுக்கு ஆறிவிட்டது அண்ணா. ஆறிய விதம்தான் கொடுமை.

ஆழமாக வெந்த இடத்தில் பழைய தோல் திரும்பாதாம். உடம்பு அவசரத்துக்கு நார் நாராகத் தழும்பை வளர்த்துப் புண்ணை மூடுகிறது. மேலே காய்ந்த பிறகும் அது மாதக்கணக்கில் சுருங்கிச் சுற்றியுள்ள தோலை இழுக்குமாம். அதனால் கழுத்தை நிமிர்த்தியே படுக்க வையுங்கள், தலையணை கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். அக்கா வலியில் கத்தினாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பெத்தவ எனக்குத் தெரியாதா, நீ போடி"ன்னு என்னை விரட்டிவிட்டு, பழைய புடவையை மடித்துத் தலைக்கு வைத்தாள். அக்கா நிம்மதியாகத் தூங்கினாள். கழுத்து அப்படியே ஆறி, மோவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. வாயை மூட முடியவில்லை. இனி அறுத்து, தொடைத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும். சென்னையில் முறை வர வருஷமாகுமாம்.

ஸ்டவ் வெடித்ததாக அக்கா போலீசில் சொன்னாள் அல்லவா? அதே ஸ்டவ்வில் அவள் மாமியார் இன்னும் டீ போடுகிறாள். நான் போய்ப் பார்த்தேன். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டால், "கொழந்த சிந்துஜா அவங்ககிட்ட இருக்குதே, வேற என்னான்னு சொல்ல"ன்னு அழுகிறாள்.

போன வாரம் வேணு மாமா பெண்டாட்டியைப் பார்க்க வந்தார். "குனிஞ்ச தல நிமிராத பொண்ணு வேணும்னு கேட்டேன், இப்பதான் குடுத்திருக்கீங்க"ன்னு சிரித்தார். அம்மா அந்த ஆளுக்குக் காபி கொடுத்தாள்.

தீபத்தன்று ஊரே மலையை அண்ணாந்து பார்த்து அரோகரா என்றது. அக்கா தரையைப் பார்த்தபடி என் கையைப் பிடித்து, "ஏத்திட்டாங்களாடி?" என்று கேட்டாள்.

உன் அண்ணனே எழுதிவிட்டான் என்று அம்மா வெள்ளிக்கிழமை நாள் பார்த்துவிட்டாள். மகளைப் பார்க்கும் ஆசையில் அக்காவும் துணிகளைக் கட்டிவிட்டாள். நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் வெள்ளிக்கிழமை கடந்துவிடும். இருந்தாலும், வேண்டாம், திரும்பக் கூட்டிவாருங்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அம்மா உங்கள் சொல்லைத்தான் கேட்பாள்.

சாமியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன். அவள் இருக்கும்போதே உங்கள் பதில் வரட்டும்.

உங்கள் தங்கை,
இனியா