மேகம் என்று எழுதத் தெரிந்த உனக்கு

அண்ணா,

இன்று காலை ஆஸ்பத்திரியில் ஒருவர் சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்ததுமே வெந்தய வாடை. ஊறவைத்த வெந்தயத்தை நாலைந்து நாளாக விடாமல் மென்றவரின் மூச்சில் வரும் வாடை அது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "டெஸ்ட்டுக்காக இதைத் தின்னுட்டு வந்தீங்களா?" என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தத் திட்டு உனக்குச் சேர வேண்டியது.

நீ இருந்தவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது அந்த மரியாதை வரமாட்டேன் என்கிறது. போனவர்களைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டுமாம், அம்மா சொல்கிறாள். நல்லதையெல்லாம் அம்மாவிடம் பேசிக்கொள்கிறேன். உன்னிடம் சண்டைதான்.

சர்க்கரை நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து எழுதும் ஆய்வு எங்கள் ஆஸ்பத்திரியில் தொடங்கியபோது, நர்ஸாக இருந்த எனக்கு அதில் பொறுப்பு கொடுத்தார்கள். புது மருந்து எதுவும் கிடையாது. வைத்தியம் அதன் போக்கில் நடக்கும், உடம்பு எப்படிப் போகிறது என்று நாங்கள் பார்த்துக் குறித்துக்கொள்வோம், அவ்வளவுதான். முதல் ஆளாக உன்னைத்தான் சேர்த்தேன். இந்த வேலையின் அருமை உனக்குப் புரியும் என்று நம்பினேன்.

ஏன் நம்பமாட்டேன்? பகலெல்லாம் டையிங் லேபில் துணியில் ஏறிய சாயத்தின் ஷேடு சரியா என்று பார்க்கும் கண் உன்னுடையது. பொழுது சாய்ந்ததும் அதே கண்ணோடு, நல்லூர் வீட்டு மொட்டை மாடியில் பைனாகுலரை வைத்துக்கொண்டு நிற்பாய். ஒளி கூடிக் குறையும் ஒரு சிவப்பு நட்சத்திரம். பக்கத்தில் மாறாத இரண்டு நட்சத்திரங்கள். அவற்றோடு ஒப்பிட்டு, இன்று எவ்வளவு ஒளி என்று முடிவு செய்து, வானம் பார்ப்பவர்களின் குழு ஒன்றுக்கு அனுப்புவாய். "கண்ணு, இங்க வந்து பாரு. செவப்போட வெளிச்சம் அந்த ரெண்டுக்கும் நடுவாலதான நிக்குது?" என்பாய். எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரியும்.

ஒருநாள் மழை மூட்டம். "நேத்து போட்டதையே போட்டு அனுப்பீருங்ணா, யாரு மேல போயிப் பாக்கப் போறாங்க?" என்றேன் விளையாட்டாக. உனக்கு வந்ததே கோபம். "பாக்காததை எழுதக்கூடாது கண்ணு. நாம பொய் சொன்னா நட்சத்திரத்துக்கு ஒண்ணும் ஆகாது. அதை நம்பிப் படிக்கிறவன் ஏமாந்து போவான்." அன்றைக்கு 'மேகம்' என்று மட்டும் எழுதி அனுப்பினாய்.

அதே நீதான் ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்கு வந்து கூசாமல் நின்றாய். வெறும் வயிற்றிலும் நல்ல சர்க்கரை, சாப்பிட்ட பிறகும் நல்ல சர்க்கரை. டாக்டர் மருந்தைக் கூட்டவே இல்லை. எங்கள் அண்ணனைப் பாருங்கள் என்று மற்ற நோயாளிகளிடம் நான் பீற்றிக்கொண்டு திரிந்தேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனைக்கு மட்டும் உனக்கு நேரம் கிடைக்காது. கண் பரிசோதனைக்கும் அதே கதை. ஷிப்மென்ட் என்பாய், துணி வாங்கும் பையர் வந்திருக்கிறார் என்பாய். திருப்பூரில் ஷிப்மென்ட் என்று சொன்னால் அதற்குமேல் யார் கேள்வி கேட்பார்கள்?

சித்திரையில் ஒரு சாயங்காலம் போனை என்னிடம் நீட்டினாய். "குழுவுக்கு ஒரு மெசேஜ் அடிச்சுக் குடு கண்ணு, எழுத்தெல்லாம் கலங்கலாத் தெரியுது." நீ சொல்லச் சொல்ல அடித்தேன். 'என் பார்வை இனி நம்பத் தகுந்ததாக இல்லை. பொங்கலுக்குப் பிறகு நான் அனுப்பியவற்றை நீக்கிவிடுங்கள்.' அடித்து முடித்த பிறகுதான் உறைத்தது. பொங்கலிலிருந்து உனக்குக் கண் சரியில்லை. முகம் தெரியாத ஆட்களிடம் மன்னிப்புக் கேட்கிறாய். ஒரே வீட்டில் இருக்கும் நர்ஸிடம் சொல்லவில்லை.

"எனக்கு ஏனுங்ணா சொல்லலே?" என்று கத்தினேன். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் முன்பே சோற்றை நிறுத்தி, வெந்தயத்தைத் தின்று, கால் வீங்க நடப்பாயாம். ரத்தம் கொடுத்த கையோடு பேக்கரியில் தேங்காய் பன். மற்ற நாளெல்லாம் பரோட்டா. "உன்ற ஸ்டடில அண்ணன் பெயிலானா நல்லாவா இருக்கும்? டாக்டர் உன்னைய ஏதாச்சும் சொல்லிப்போட்டா?" என்றாய். மார்க் போட நான் என்ன வாத்தியாரா? தலையில் அடித்துக்கொண்டேன்.

கண்ணுக்குள் ரத்தக் கசிவு. கொஞ்சம் முன்னாடி தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்த கண் டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்புறம் சிறுநீரகம். அப்புறம் நீயே இல்லை.

போன மாதம் ஆய்வை நடத்தும் டாக்டர் கூப்பிட்டுக் கேட்டார். இவருக்குச் சர்க்கரை எல்லா முறையும் நன்றாக இருந்திருக்கிறது, பிறகு ஏன் இப்படி ஆனது, விசித்திரமாக இருக்கிறதே என்றார். நான் உட்கார்ந்து டைப் அடித்தேன். 'இவருடைய அளவுகள் நம்பத் தகுந்தவை அல்ல. நீக்கிவிடுங்கள்.' உன் வாசகம்தான். கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படி எழுத வைத்துவிட்டுப் போய்விட்டாய். உன்னை என்ன செய்தால் தகும்?

இன்று காலை, நான் சத்தம் போட்ட பிறகும் அந்த வெந்தயக்காரர் எதிரேயே உட்கார்ந்திருந்தார். "நல்ல ரிசல்ட் வந்தா உங்களுக்கும் நல்ல பேருதானுங்க சிஸ்டர்" என்றார் மெதுவாக. "எனக்கு எந்தப் பேரும் வேண்டாமுங்க. எப்பவும் போலத் தின்னுட்டு, எப்பவும் போல இருந்துட்டு வாங்க. எத்தனை மோசமா இருந்தாலும் திட்டமாட்டேன்" என்றேன்.

"இப்பத்தானுங்க திட்டுனீங்க" என்று சிரித்தார்.

மோசமான சர்க்கரையோடு நீ வந்திருந்தால் உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன், அண்ணா. நல்ல சர்க்கரையோடு வந்தாயே, அதற்குத்தான் இத்தனையும்.