அக்காவின் போஸ்டர்

2.3.2003
வேங்கிக்கால் ராமதாஸ் டீக்கடையில் இன்று என் ராஜ்யம்தான். என் அக்கா ரேணுகாம்பாள் டாக்டர், கலெக்டர் வீட்டுப் பிரசவத்துக்கே ஜீப் வந்து கூட்டிப்போனது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஜீப் வந்தது உண்மை. யாருடைய ஜீப் என்பதில்தான் —
பின்னால் அக்காவே நிற்கிறாள். "டேய் காசி, நான் நர்சுடா. டாக்டர்னு சொன்னா ஜனங்க எங்கிட்டயே கெடப்பாங்க. நர்சுன்னாதான் கஷ்டமான கேஸெல்லாம் பெரியாஸ்பத்திரிக்கு வண்டி ஏறும்."
"ரிட்டையர் ஆயிட்டே, இனிமே யாருக்கா ஏறப்போறாங்க?" என்றேன். சிரித்துவிட்டுப் போனாள்.

3.4.2003
அக்கா போய்விட்டாள். தூக்கத்திலேயே.

9.4.2003
போஸ்டர் அடித்தாயிற்று. 'டாக்டர் ரேணுகாம்பாள், 18ஆம் தேதி படத்திறப்பு.' மகள் கல்யாணத்தில் பட்டுப்புடவையோடு எடுத்த படம். நான் எட்டாவதோடு நின்றவன்தான், ஆனாலும் வாசகம் முழுக்க என்னுடையது. பஸ் ஸ்டாண்டிலும் கிரிவலப் பாதை முழுக்கவும் ஒட்டியாயிற்று. பௌர்ணமிக்குப் பத்து லட்சம் பேர் பார்ப்பார்கள். இருபது என்றும் சொல்லலாம்.

11.4.2003
கஸ்தூரி, அக்காவின் ஒரே மகள், சண்டை போடவில்லை. போட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.
"மாமா, எனக்குக் காய்ச்சல் வந்தா அம்மா தானா ஊசி போட மாட்டாங்க. டியூட்டி முடிஞ்சு வீங்கின காலோட, என்னை இடுப்புல தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடுவாங்க. பெத்த பொண்ணுக்கே டாக்டரா இருந்ததில்ல. நீங்க ஆக்கிட்டீங்களே."
மரியாதைக்குத்தானே போட்டேன்? நர்சு என்றால் மரியாதை கம்மியா?

15.4.2003
அக்கா நர்சாக இருந்த கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கிய ஆராயி என்ற அம்மாள், பஸ் ஸ்டாண்டில் போஸ்டருக்குக் கீழேயே நின்று கேட்கிறாள்: "எங்க நர்சம்மா தவறிட்டாங்களாமே, வூடு எங்கங்க?"
மேலே காட்டினேன்.
"அது யாரோ டாக்டரு, பட்டெல்லாம் கட்டிக்கினு. எங்க ஊர்க்காரங்க நேத்தே வந்து தேடிட்டுத் திரும்பிட்டாங்க. நர்சம்மாவை டாக்டர்னு சொன்னா திட்டுவாங்க, தெரியுமா?"
ஐயோ, அக்காவை நானே ஒளிச்சு வெச்சுட்டேனே.

16.4.2003
பௌர்ணமி. பசை வாளியோடு நானும் மலையைச் சுற்றினேன். ஒவ்வொரு 'டாக்டர்' மேலும் வெள்ளைத் தாள்; அதில் என் கோணல் எழுத்தில் 'கீழ்பென்னாத்தூர் நர்சம்மா'. கூட்டத்தில் ஒருவர், "என்ன வேண்டுதலுங்க?" என்று கேட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த போஸ்டருக்கு நடந்தேன்.

18.4.2003
வேன் வேனாக வந்தார்கள். ஆராயி தன் வளர்ந்த மகளைப் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். "நீ வயித்துல குறுக்கால கெடந்தே. இவங்கதான் 'என்னால ஆவாது, வண்டியைக் கட்டு'ன்னு என்னை ஏத்தி, கூடவே வந்தாங்க." கஸ்தூரி அப்போதுதான் அழுதாள், ஆராயி தோளில்.
என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்த பேச்சு ஒன்று இருந்தது. "எங்க அக்கா நர்சு" என்றேன். மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.
திரும்பும்போது ராமதாஸ் கடையிலிருந்தே கேட்டான்: "டாக்டரம்மா கூட்டத்துக்கு எவ்ளோ பேருப்பா? லட்சம் தாண்டிச்சா?"
"நர்சம்மா" என்றேன். எவ்வளவு பேர் என்று சொல்லவில்லை.