பதினோரு வீட்டுக்கு ஒரு கையெழுத்து

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், அம்மாவும் அந்த முழங்காலைத் தவிர மற்றபடி சுகம், நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். மாடித் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று கத்தினால்தான் உனக்குக் கேட்கிறது, உன்னிடம் நான் பொய் சொன்னதைக் கத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன் பாப்பா, மாசக் கடைசியில் அறையைக் காலி செய்யப்போவதாகச் சொன்னாயே, செய்யாதே. வீட்டில் நல்ல இன்டர்நெட் லைன் இருந்தால் ஆறு மாதம் அங்கிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் ஒத்துக்கொண்டார்கள், அம்மா ஆபரேஷன் முடிந்து நடக்கிறவரை கூடவே இருப்பேன் என்றாய். அந்த லைன் நம் வீட்டில் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. வந்துவிட்டது, மழைக்கு அடிக்கடி அறுந்துபோகிறது என்று நான் சொன்னதெல்லாம் பொய்.

எப்படி ஆனதென்றால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனிக்காரர்கள் தெருமுனைத் தையல்கடை வரைக்கும் பள்ளம் தோண்டிக் கம்பி புதைத்தார்கள், அங்கே வந்ததும், ஒரு வீட்டுக்கும் இணைப்புக் கொடுக்குமுன்பே கம்பி தீர்ந்துவிட்டது. லைன்மேன் நம் வீட்டுச் சுவரில் பெட்டியை மட்டும் மாட்டிவிட்டு வந்து நின்றார். வேகாத வெயில், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். இன்னைக்கு மாசக் கடைசி சார், வேலை முடிஞ்சதுன்னு பேப்பர் போகலைன்னா என்னைத் தூக்கிடுவாங்க, தெருவுக்குப் பொதுவா நீங்க ஒரு சைன் போடுங்க, நாளைக்குக் காலையில கம்பியோட வந்து நிக்கறேன் என்றார். முப்பத்தொரு வருஷம் மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான், சரக்கைக் கண்ணால் பார்க்காமல், முதலாளியே சொன்னாலும் ஒரு ரசீதில் கையெழுத்துப் போட்டதில்லை, கல்லுளிமங்கன் என்று எனக்குப் பட்டமே கொடுத்திருந்தார்கள். அந்த ஆள் முகத்தைப் பார்த்ததும் இரக்கம் வந்து பதினோரு வீட்டுக்கும் சேர்த்துப் போட்டுக்கொடுத்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இங்கே சறுக்கினது நான், விழுந்தது தெரு. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், கம்பி வரவில்லை.

அம்மா பெட்டியில் தூசி விழக்கூடாதென்று துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். எதிர்வீட்டு டீச்சரின் பெண்கள் இரண்டும் பாடத்தை போனில் இறக்கிக்கொள்ள ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் போய் உட்காருகிறார்கள், தையல்காரம்மாவுக்கு வர வேண்டிய ஆர்டரெல்லாம் பக்கத்து ஊருக்குப் போகிறது. எல்லாரும் கம்பெனியைத் திட்டும்போது நானும் கூடச் சேர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன், திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி.

நீ வருகிறேன் என்ற பிறகு சும்மா இருக்க முடியவில்லை, பஸ் பிடித்துக் கம்பெனி ஆபீசுக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை கவுண்டரில் இருந்த பெண் புகாரை இன்டர்நெட்டில்தான் பதியணும் சார் என்றாள். இன்டர்நெட் இல்லை என்பதுதானம்மா புகாரே என்றேன், அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் தடவை சாப்பிடப் போன மேனேஜர் திரும்பவே இல்லை. மூன்றாம் தடவை கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நம் தெருவில் பதினோரு வீட்டுக்கும் வேலை முடிந்ததாகப் பச்சைப் புள்ளி, கீழே மணிமணியாக என் கையெழுத்து. இது உங்களோடதுதானே சார் என்று மரியாதையாகத்தான் கேட்டார். பார்க்காமல் போட்டுவிட்டேன் என்று எழுதிக்கொடுங்க, லைன் வரலைன்னு பதினோரு வீட்டுக்காரங்களும் அதுலயே கையெழுத்துப் போடணும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காகிதத்தோடு வீடு வீடாகப் போனேன். விடுங்க சார், ஏமாத்தினவன் அவன், நீங்க என்ன பண்ணுவீங்க என்று தையல்காரம்மா போட்டுக்கொடுத்தாள். டீச்சர் மட்டும், நீங்களா சார் என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடிக் கொடுத்தார். இந்த வயதில் இப்படி வெட்கப்பட வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை பாப்பா.

காகிதத்துக்குப் பலன் இருந்தது. போன வெள்ளிக்கிழமை வேறொரு லைன்மேன் வந்து நம் கேட் வரைக்கும் கம்பி இழுத்தார். அம்மா கோலை ஊன்றி வந்து பெட்டியின் துணியைக்கூட எடுத்துவிட்டாள். கம்பியை ஒட்டுகிற மெஷின் வேறு ஊரில் இருக்கிறதாம். சொல்லிவிட்டு அவரும் பையிலிருந்து அதே மாதிரிப் பேப்பரை எடுத்தார். போடுங்க சார், திங்கட்கிழமை மெஷின் வந்துடும், போடலைன்னா தள்ளி வெச்சிடுவாங்க, அப்புறம் எப்பன்னு என்னால சொல்ல முடியாது என்றார். போட்டிருந்தால் உன் ஆபீசுக்குக் காட்ட ஒரு நகல் கிடைத்திருக்கும், நீயும் கிளம்பியிருப்பாய். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போடவில்லை. அவர் கம்பியைச் சுருட்டிக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார், இன்று புதன்கிழமை, இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அம்மா பெட்டியை மறுபடி துணி போட்டு மூடிவிட்டாள்.

நீ வர வேண்டுமென்று எனக்கு ஆசை இல்லாமலா. உன் மேஜையை ஜன்னலோரம் நகர்த்தி, புதிதாக ஒரு பிளக் பாயிண்ட்கூடப் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் என் சொல்லை நம்பி நீ வந்து இறங்கி, வேலையை விட்டுவிட்டு நிற்பதைப் பார்க்க என்னிடம் தெம்பில்லை. ஆபரேஷனுக்கு நான் இருக்கிறேன். குழையாமல் சோறு வடிக்கக் கற்றுக்கொண்டேன், மற்றதை அம்மா படுத்தபடியே திட்டித் திட்டிச் சொல்லித்தருவாள். உன் ஆபீசில் இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிவிடு.

தீர்க்காயுசாக இரு, எங்கள் இருவர் ஆசியும் உன்னோடு உண்டு. அந்தப் பழைய கண்ணாடியை மாற்று. வாடகைப் பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் நான் சொல்லாமல் யார் சொல்வது. லைன்மேன் எப்போது வந்தாலும் சரி, வீட்டுக்குள்ளேயே போனில் உன் முகம் தெரிந்து, நீ பேசி, அம்மா அதை உட்கார்ந்தபடி கேட்ட பிறகுதான் அவர் பேப்பரில் பேனா வைப்பேன். இந்தக் கடிதத்தில் இருப்பதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது, அதனால் இதில் மட்டும் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா