அந்த h எங்கே போனது?

ஜூன் 9

என் செல்லத் தங்கைக்கு,

என் கையெழுத்தைக் கண்டதும் என்னவோ ஏதோ என்று பதறாதே. வீட்டில் எல்லோரும் சுகம். உன் அத்தான் தன் முட்டிவலியைத் தவிர வேறெதையும் பற்றிப் பேசுவதில்லை. போனில் கூப்பிட்டால் நீ "க்ளாஸ் இருக்குக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கணக்கைப் போனில் சொல்லவும் முடியாது. அதனால்தான் காகிதம்.

நீ சொல்லிவைத்து வாங்கித் தந்த மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கி ஐந்து வாரமாகிறது. ஆறு மணிக்குத் துறைமுகக் கிரேனிலிருந்து இறங்கி, கையில் ஒட்டிய கிரீஸைத் தேய்த்துக் கழுவி, ஆறரைக்குப் போய் உட்காருகிறேன். நாற்பத்து மூன்று வயதில் முதல் பெஞ்சு.

இந்த வயதில் எதற்கு என்று நீ வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். மாதம் ஒருமுறை கிரேனைப் பரிசோதிக்க ஒருவர் வருகிறார். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். கம்பிக் கயிற்றில் இழை பிரிந்திருக்கிறது என்று போன மாதம் சொன்னேன். "ஓட்டற வேலைய மட்டும் பாருங்கம்மா" என்றார். அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் உரிமை எனக்கு வேண்டும். அதற்குக் கணக்கிலும் இயற்பியலிலும் தேறியிருக்க வேண்டுமாம். தேறிக் காட்டுகிறேன்.

இப்போது என் சந்தேகங்கள். ஒன்று: மேலே எறிந்த பந்து உச்சியில் வேகம் பூஜ்யமாகி நிற்கிறது என்கிறார் வாத்தியார். நின்றுவிட்டதென்றால் அங்கேயே நிற்க வேண்டியதுதானே? இன்னொன்று: x² = 5x என்ற கணக்கில் இரண்டு பக்கமும் x-ஆல் வகுத்து x = 5 என்று எழுதினேன். அடித்துவிட்டார். x பூஜ்யமாகவும் இருக்கலாம், பூஜ்யமாக இருக்கக்கூடியதால் வகுத்தால் ஒரு விடை தொலைந்துபோகும் என்றார். இது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பூஜ்யத்தால் ஏன் வகுக்கக்கூடாது என்று கேட்டால் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

நேரம் கிடைக்கும்போது எழுது.

அன்புடன்,
அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விடைத்தாள் திருத்தும் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உச்சியில் வேகம் பூஜ்யம், முடுக்கம் பூஜ்யமில்லை. சூத்திரத்தில் போட்டால் விடை வந்துவிடும். பூஜ்யத்தால் வகுப்பது வரையறுக்கப்படவில்லை, அவ்வளவுதான். அக்கா, நான் சொல்கிறேனே என்று தப்பாக நினைக்காதே. உனக்குத் தேவை நாற்பது மதிப்பெண். முப்பது சூத்திரங்களை மனப்பாடம் செய்தால் போதும். ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே போனால் பாடம் முடியாது.

வாத்தியார் என்னோடு படித்தவர். வயது வரம்பைத் தாண்டி உன்னைச் சேர்த்துக்கொண்டதே என் முகத்துக்காகத்தான். அவரை ரொம்பக் கேள்வி கேட்டுத் தொல்லை பண்ணாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜூலை 14

அன்புத் தங்கைக்கு,

பந்துக்கு நானே விடை கண்டுபிடித்துவிட்டேன். கிரேனில் தொங்கும் பாரம் ஊசலாடும்போது கடைக்கோடியில் ஒரு கணம் அசையாது. இருபது வருடமாகப் பார்க்கிறேன். அந்தக் கணத்தில்தான் அதை நடுவுக்குத் திருப்பும் இழுப்பு அதிகம். நிற்பது வேறு, இழுப்பு இல்லாமல் போவது வேறு. நீ ஒரு வரியில் எழுதியதும் இதைத்தானே? இப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும்.

இனி நடந்ததைக் கேள். வாத்தியார் சொல்லி உனக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் நுண்கணிதம் தொடங்கினார். x-ஐ h அளவு நகர்த்தினார், x²-இல் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தார், h-ஆல் வகுத்தார். 2x + h வந்தது. "இப்ப h-ஐ பூஜ்யம்னு போடுங்க, விடை 2x" என்றார். நான் எழுந்தேன்.

"சார், மேல்வரியில h-ஆல வகுத்தீங்க. அப்ப அது பூஜ்யமில்ல. அடுத்த வரியில அதுவே பூஜ்யம்னு சொல்றீங்க. நடுவுல அது எங்க போச்சு?"

"அது அப்படித்தாம்மா."

"பூஜ்யமா இருக்கக்கூடியதால வகுக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே சார்?"

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இது கிரேன் இல்லம்மா, கணக்கு. தூக்கி அங்கேர்ந்து இங்க வைக்கிற வேலையில்ல. உக்காருங்க, இல்லன்னா வெளிய போங்க."

"தெரியாதுன்னு சொல்லுங்க சார், உக்காந்துக்கறேன்" என்றேன்.

குரலை உயர்த்தவில்லை, சத்தியமாக. வெளியே அனுப்பிவிட்டார். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் இனி உள்ளே விடுவாராம்.

அக்கா


ஜூலை 19

அக்கா,

அவர் எனக்குப் போன் செய்தார். அரை மணி நேரம் நான் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பெரியவள் நீ, நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நாலு வரி மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடு. அதனால் உன் கிரீடம் ஒன்றும் கழன்று விழாது. என் பெயரையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

தங்கை


ஜூலை 26

அன்புத் தங்கைக்கு,

நீ சொன்னபடி நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டேன். அதன் நகல் இதோ:

"ஐயா, வகுப்பு நேரத்தில் ஐந்து நிமிடம் என்னால் வீணாகியிருந்தால் வருந்துகிறேன். கேள்வி கேட்டதற்கு வருந்தவில்லை. அந்தக் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. பதில் தெரிந்தால் மறுமொழியில் எழுதவும்."

என் பெயரை அடித்துவிட்டார்கள். தனித்தேர்வராகப் பணம் கட்டிவிட்டேன்.

இன்னொரு சேதியும் உண்டு. கயிறு மாற்றாமல் கிரேனை ஓட்டமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று நாள் சும்மா உட்கார வைத்தார்கள். நாலாம் நாள் மேலே ஏறிப் பார்த்தவர்கள் இறங்கி வந்து புதுக்கயிறு போட்டார்கள். இந்த மாதம் எனக்கு எழுத்தில் கொடுக்கிற ராசி போலிருக்கிறது.

உன் பெயரை நினைத்துப் பார்க்கச் சொன்னாய். நினைத்துப் பார்த்தேன். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் "அக்கா துறைமுக ஆபீஸ்ல இருக்காங்க" என்றாய். பக்கத்தில்தான் நின்றேன். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். நான் ஆபீஸில் இல்லை, நாற்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவரை விடு. நீ பதினொரு வருடமாகக் கல்லூரியில் இதையே நடத்துகிறாய். அந்த h எங்கே போனது என்று உனக்குத் தெரியுமா? தெரிந்தால் சொல்லு. தெரியாவிட்டால் அதையாவது சொல்லு. இரண்டும் இல்லையென்றால் கடிதம் போட வேண்டாம்.

அக்கா


செப்டம்பர் 3

அக்கா,

ஐந்து வாரம் உனக்கு எழுதவில்லை. முதல் வாரம் கோபம். அடுத்த வாரம் பயம். மற்ற மூன்று வாரமும் படித்தேன்.

எல்லை என்பதன் வரையறையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் உன் கேள்விக்கு அதுதான் பதில் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆசிரியர் அறையில் கேட்டுப் பார்த்தேன். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். துறைத்தலைவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "அதெல்லாம் சிலபஸ்ல இல்லையேம்மா" என்றார்.

பத்தொன்பது வயதில் இதே கேள்வியை நானும் கேட்டேன், அக்கா. "பொண்ணுக்கு இவ்ளோ சந்தேகம் எதுக்கு" என்றார் பேராசிரியர். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். முதல் மாணவியாகத் தேறினேன். என் வகுப்பில் யாரும் கையைத் தூக்குவதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஏன் தூக்குவதில்லை என்று இப்போது தெரிகிறது.

பதில் இது. h ஒருபோதும் பூஜ்யமாவதில்லை. வகுக்கும்போதும் இல்லை, பிறகும் இல்லை. பூஜ்யமானால் என்ன வரும் என்று நாம் கேட்கவே இல்லை. h சிறுத்துக்கொண்டே போனால் விடை எந்த எண்ணை நெருங்குகிறது என்றுதான் கேட்கிறோம். 2x-க்கு எவ்வளவு பக்கத்தில் வேண்டும் என்று நீ சொல்லு. அவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த ஒரு h-ஐ நான் தருவேன். நீ இன்னும் நெருக்கம் கேட்டால் இன்னும் சின்ன h. 2x தவிர வேறெந்த எண்ணை வைத்தும் இந்தச் சவாலில் ஜெயிக்க முடியாது. "h-ஐ பூஜ்யம்னு போடு" என்பது குறுக்குவழி. விடை சரியாக வருவதால் யாரும் கேட்பதில்லை. நீ கேட்டாய்.

பூஜ்யத்தால் ஏன் வகுக்கக்கூடாது என்பதையும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

வாத்தியாருக்கும் இதை எழுதி அனுப்பிவிட்டேன். இனி அவர் எனக்குப் போன் செய்யமாட்டார். கல்யாணத்தில் நான் சொன்னதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். மன்னித்துவிடு.

உன் தங்கை


டிசம்பர் 12

அக்கா,

முடிவுகள் பார்த்தேன். கணக்கில் ஐம்பத்தெட்டு. வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இயற்பியலில் முப்பத்தெட்டு என்று பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. வெறும் இரண்டு மதிப்பெண். திருத்தும் குழுவில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். உன் தேர்வு எண்ணை அனுப்பு, ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன். மறுகூட்டலில் சரியாகிவிடும்.

உன் தங்கை


டிசம்பர் 17

என் செல்லத் தங்கைக்கு,

எண்ணை அனுப்பமாட்டேன். நீயும் யாரிடமும் எதையும் சொல்லிவைக்காதே. உன் மனசு எனக்குத் தெரியும், அதனால் திட்டவில்லை. அந்தக் கேள்வித்தாளை எடுத்துவைத்து நிதானமாகப் பார்த்தேன். மின்சாரத்தில் வந்த மூன்று கணக்கையும் நான் தொடவே இல்லை. எனக்குத் தெரியாததற்கு மதிப்பெண் போடவில்லை. அதில் அநியாயம் ஒன்றுமில்லை. தெரியாமல் வாங்கிய இரண்டு மதிப்பெண்ணோடு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால், கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஏப்ரலில் மறுபடி எழுதுகிறேன். அப்போதும் போனால் அக்டோபரில். உன் அத்தான், "இன்னும் எத்தனை தடவை" என்று கேட்டார். "தேறுற வரைக்கும்" என்றேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "அப்ப டேபிள் லைட் ஒண்ணு வாங்கிடுவோம்" என்றார்.

விடுமுறைக்கு நீ இங்கே வா. மாப்பிள்ளையையும் பிள்ளையையும் கூட்டி வா, இல்லையென்றால் தனியாகவே வா. மின்சாரப் பாடத்தைத் தொடங்கிவிட்டேன், மூன்றாம் பக்கத்திலேயே நிற்கிறேன். மின்னோட்டம் இந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அடுத்த பத்தியிலேயே, எலக்ட்ரான் உண்மையில் எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்கிறார்கள். தெரிந்துகொண்டே அம்பை எதற்கு அந்தப் பக்கம் வரைகிறார்கள்?

உனக்கும் தெரியாதென்றால் பரவாயில்லை, வந்துவிடு. இரண்டு பேருமாக உட்கார்ந்து யோசிப்போம்.

இன்னும் தேறாத உன் அக்கா